கோயிலை விட்டாச்சு, கல்லறையை என்ன செய்வது?

கிளிமூக்கு
அக்டோபர் 6, இரவு 10:40

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கத்தோலிக்க ஊர். பேர் வேண்டாம், எலத்தகிரியும் இல்லை, கந்திகுப்பமும் இல்லை, தேடாதீர்கள். வயது 44. வயரிங், மோட்டார் ரிப்பேர், கொஞ்சம் மாந்தோப்பு. அப்பா உபதேசியார். எங்கள் ஆட்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சாமியார் வராத நாளில் ஊருக்குச் செபம் சொல்கிறவர், சாவு வீட்டுக்கு முதலில் போகிறவர், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துகிறவர், சம்பளம் மட்டும் வெளியில் சொல்ல முடியாத அளவு. 1997-இல் சேலத்திலிருந்து பிரித்துத் தர்மபுரி மறைமாவட்டம் ஆக்கியபோது அப்பா வேன் பேசி ஊர்ச் சனத்தைக் கூட்டிப்போனார், எனக்கு 16 வயது, படியில் தொங்கிக்கொண்டு போனேன்.

2019-இல் அம்மா இறந்தார். அதற்கு முன் நாலு வருஷம் நான் பெங்களூரில் வேலை, குடும்பத்தையும் அங்கேயே வைத்திருந்தேன், ஊருக்கு வருவதும் போவதுமாக இருந்ததில் கோயில் சந்தா கட்டவில்லை. மாசம் 50 ரூபாய்தான், இல்லாமல் இல்லை, மறந்துபோனதுதான். துக்க மணி அடிக்கச் சொல்லிக் கோயிலுக்கு ஆள் அனுப்பினால், மணி அடிப்பதற்கு முன்னால் சந்தா நோட்டு வீட்டுக்கு வந்துவிட்டது. 2,400 ரூபாய். கட்டினால்தான் குழி வெட்டலாம். அம்மா ஐஸ் பெட்டியில், அப்பா திண்ணையில். 30 வருஷம் அந்தக் கோயிலுக்கு உழைத்த மனுஷன் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், வாயைத் திறக்கவில்லை. மச்சானிடம் வாங்கிக் கட்டினேன். ரசீது கொடுத்தார்கள், அதில் அம்மா பெயருக்கு நேராக ‘நிலுவை’ என்று எழுதியிருந்தது. அந்த ஒரு சொல்தான். மற்றதெல்லாம் நான் மன்னித்திருப்பேன்.

முப்பதாம் நாள் பூசையோடு நின்றுவிட்டேன். அடுத்த வருஷம் கொரோனா வந்து கோயிலையே மூடிவிட்டார்கள், அதனால் நான் நின்றது ரொம்ப நாள் யாருக்கும் தெரியவில்லை.

கடவுள் இல்லை என்ற இடத்துக்கெல்லாம் நான் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். விடியற்காலை நாலரைக்குக் கிணற்று மேட்டில் போய் உட்காருகிறேன். என்ன செய்கிறாய் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இப்போது கேழ்வரகில் ஊடுபயிராகப் போட்ட அவரை பூவெடுத்திருக்கிறது, அந்த வாசனை கொஞ்ச நேரம் வரும், அப்புறம் போய்விடும். போன மாசம் ஒரு நாள் மோட்டாரைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன், அது ஒரே சீராக ஓடுகிறது, என் வாய் தானாக ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று போய்க்கொண்டிருந்தது. மாதா பிரார்த்தனைக்குச் சனங்கள் சொல்கிற பதில். முன்னால் நின்று சொல்கிற ஆள் இல்லை, பதில் மட்டும். எனக்கே சிரிப்பு வந்தது.

இப்போது விஷயம். பாப்பாவுக்குக் கிறிஸ்து அரசர் திருநாளன்று புதுநன்மை, அதாவது முதல் தடவை நற்கருணை வாங்குவது. பெற்றோர் படிவத்தில் என் கையெழுத்து வேண்டும். ‘தந்தை ஞாயிறு பூசைக்கு ஒழுங்காக வருகிறவரா’ என்று ஒரு கட்டம். அப்புறம் இன்னொன்று, ராத்திரியில் வருவது: நான் செத்தால் எங்கே போடுவார்கள்? அம்மா பக்கத்தில் ஒரு ஆள் இடம் இருக்கிறது. விலகியவர்கள் யாராவது இருந்தால் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

ஷிப்ட்_பி
அக்டோபர் 6, இரவு 11:58

அண்ணா, ஓசூர் சிப்காட்டிலிருந்து. நான் ஆவிக்குரிய சபை, பெந்தெகொஸ்தே மாதிரி. உங்கள் ஊரில் நோட்டு, எங்கள் ஊரில் கவர். மாசச் சம்பளம் 18,000 வாங்கும்போது 1,800 ரூபாயைக் கவரில் போட்டு மேலே பெயர் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பெயர் எதற்கு என்று ஒரு தடவை கேட்டேன், கர்த்தருக்குத் தெரியணும் என்றார் பாஸ்டர். கர்த்தருக்கு என் கையெழுத்து தெரியாதா என்ன. ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் விழ ஆரம்பித்ததும் மூன்று வாரம் போகவில்லை, நாலாவது வாரம் மேடையிலிருந்து பெயர் சொல்லாமல் என்னைப் பற்றிப் பிரசங்கம். பின்மாற்றக்காரன், விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கினவன். இந்தச் சொல் வெளியில் இருப்பவர்களுக்குச் சும்மா ஒரு சொல். உள்ளே வளர்ந்தவனுக்கு வயிற்றைப் பிசையும். அம்மா இன்னும் போனில் அழுகிறாள், மகன் நரகத்துக்குப் போகிறான் என்று நிஜமாகவே நம்புகிறாள், நடிப்பு இல்லை.

தனியாக ஜெபிக்க முயற்சி செய்தேன். வரவில்லை. கண்ணை மூடினால் பாஸ்டர் குரல்தான் கேட்கிறது. இரண்டு வருஷம் சும்மா விட்டேன். இப்போது நைட் ஷிப்டில் மூணு மணி டீ பிரேக்கில் மாடிக்குப் போய்ப் பத்து நிமிஷம் நிற்கிறேன். ஒன்றும் கேட்பதில்லை. பாட்டு மட்டும் ரொம்ப ஞாபகம் வருகிறது, கை தட்டிப் பாடினால் உடம்பு பூராவும் ஒரு சூடு ஏறுமே, அது மாடியில் கிடைக்காது.

கல்லறை பற்றி நான் யோசித்ததே இல்லை. எனக்கு 27.

கருஞ்சட்டை
அக்டோபர் 7, காலை 6:15

கோயிலை விட்டவர் சாமியை மட்டும் எதற்குக் கிணற்று மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள்? அவரை வாசனை அவரை வாசனைதான், அதற்கு ஒரு ஆன்மீகம் எதற்கு. கல்லறைக் கவலைக்கு ஒரே வழி உடல் தானம். 2022-இல் கிருஷ்ணகிரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, தர்மபுரியில் அதற்கும் முன்பே இருக்கிறது. படிவம் ஒரு பக்கம்தான், பூசைக்கு வருகிறவரா என்றெல்லாம் கேட்க மாட்டார்கள்.

கிளிமூக்கு
அக்டோபர் 7, காலை 7:02

தோழர், நல்ல யோசனைதான், சிரித்துவிட்டேன். ஆனால் அப்பாவிடம் இதை யார் சொல்வது? அவருக்கு 78. அதோடு நீங்கள் சொல்கிற ‘அவரை வாசனை அவரை வாசனைதான்’ என்பதை மறுக்கவும் எனக்குத் தெரியவில்லை. அது வரும்போது யாருக்கோ நன்றி சொல்ல வேண்டும் போல இருக்கிறது. நன்றி சொல்ல ஆள் இல்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள், சரி, எனக்கு அந்த நன்றியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

டீச்சர்_ஓய்வு
அக்டோபர் 7, மாலை 4:30

தம்பி, பர்கூரிலிருந்து எழுதுகிறேன், லுத்தரன். உங்கள் அம்மாவுக்கு நடந்தது தப்பு. சாவு வீட்டில் நோட்டை நீட்டியவன் எந்தச் சபையாக இருந்தாலும் அவன் வெட்கப்பட வேண்டும். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசணும்.

ஆனால் இங்கே எல்லோரும் சபை என்றாலே ஏதோ வசூல் கம்பெனி மாதிரி எழுதுகிறீர்கள். 1895-இல் அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் மிஷன் இந்தியாவில் முதலில் ஆரம்பித்தது நம் கிருஷ்ணகிரியில்தான். நேதர் ஐயர் என்று ஒரு பாதிரியார், 1904-இல் பிளேக் வந்து இறந்தார். எங்கள் பாட்டிக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தது அந்த மிஷன் பள்ளிக்கூடம். அந்த எழுத்து இல்லை என்றால் நான் டீச்சர் இல்லை, இதை இப்படி எழுதிக்கொண்டும் இருக்க மாட்டேன். தனியாகக் கிணற்று மேட்டில் உட்கார்ந்தவர் யாரும் பள்ளிக்கூடம் கட்டவில்லை.

நான் 50 வருஷமாக அதே மூன்றாவது பெஞ்ச். பிரசங்கம் பாதி நாள் காதில் விழாது, உண்மையைச் சொல்கிறேன், எங்கள் ஐயர் நல்லவர், ஆனால் பிரசங்கம் நீளம். எனக்குப் பின்னால் உட்காருகிற ஒரு அம்மாவுக்கு ஆஸ்துமா. பாட்டுக்கு நடுவில் இருமுவார். ஒரு ஞாயிறு இருமல் கேட்கவில்லை என்றால் ஆராதனை முடிந்ததும் நேராக அவர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பேன். இரண்டு தடவை அப்படிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். இதற்குப் பெயர் மதமா ஆன்மீகமா எனக்குத் தெரியாது. நீங்கள் இருமினால் யாருக்குத் தம்பி கேட்கும்?

வசனம்_மட்டும்
அக்டோபர் 7, மாலை 5:10

எபிரெயர் 10:25. சபை கூடிவருதலை விட்டுவிடக் கூடாது. இதற்கு மேல் விவாதம் தேவையில்லை.

ஷிப்ட்_பி
அக்டோபர் 7, மாலை 5:14

மத்தேயு 6:6. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் பண்ணச் சொன்னவர் யார் பிரதர்? நானும் ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டியில் பரிசு வாங்கினவன்தான்.

டீச்சர்_ஓய்வு
அக்டோபர் 7, மாலை 5:40

இரண்டு பேரும் நிறுத்துங்கள். வசனத்தைக் கல்லாக எடுத்து எறிகிற விளையாட்டை ஆறாம் வகுப்பிலேயே முடித்திருக்க வேண்டும்.

தகடூரான்
அக்டோபர் 7, இரவு 9:20

தர்மபுரி டவுன். நான் கிறிஸ்தவன் இல்லை, ஆனால் விஷயம் எல்லோருக்கும் பொது. வள்ளலார் பக்கம் வாருங்கள் ஐயா. சாதி, சமயம், சாத்திரச் சண்டை எல்லாம் வேண்டாம் என்று சொன்னவர். 1867-இல் வடலூரில் தருமசாலை வைத்தார், அங்கே மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. 1872-இல் ஞானசபை. ஏழு திரை விலகினால் ஒரு விளக்கு, அவ்வளவுதான், சிலை கிடையாது. உங்கள் கிணற்று மேடு அவருக்கு நன்றாகப் புரியும். இன்னொன்று, எரிக்க வேண்டாம், புதைக்க வேண்டும் என்று சொன்னவரும் அவர்தான்.

கிளிமூக்கு
அக்டோபர் 8, காலை 5:50

ஐயா, போயிருக்கிறேன். வடலூர் இல்லை, இங்கே பக்கத்தில் ஒரு இடத்தில் மாசப் பூசத்துக்குக் கூடுகிறார்கள், நண்பர் கூட்டிப்போனார். கஞ்சி ஊற்றினார்கள், வள்ளலாரின் அகவல் படித்தார்கள், மனசுக்கு நன்றாகத்தான் இருந்தது. முடிந்து செருப்பைத் தேடும்போது ஒருவர் பக்கத்தில் வந்து, ‘உறுப்பினர் ஆகிக்கலாமே’ என்று ரசீது நோட்டை எடுத்தார். அட்டை போட்ட, கார்பன் வைத்த, அதே மாதிரி நோட்டு. கை நடுங்கிவிட்டது எனக்கு. செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் வந்துவிட்டேன்.

தகடூரான்
அக்டோபர் 8, காலை 8:05

உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் தம்பி, நோட்டு இல்லாமல் நூறு பேருக்குக் கஞ்சி ஊற்ற முடியாது. அரிசி வாங்கியவன் கணக்கு எழுதித்தான் ஆகணும். நோட்டு மேல் கோபப்படாதீர்கள், அதை எந்த நேரத்தில் நீட்டுகிறார்கள் என்பதைப் பாருங்கள்.

கடைசி_பெஞ்ச்
அக்டோபர் 8, பகல் 1:25

ரெண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். பாலக்கோடு பக்கம். எங்கள் வீட்டில் பாட்டி காலத்திலிருந்து இயேசுதான். சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர். ஞானஸ்நானம் யாரும் வாங்கவில்லை. வாங்கினால் தமிழ்நாட்டில் பிசி ஆகிவிடுவோம், பிள்ளை படிப்பு, வேலை எல்லாம் வேறு வரிசைக்குப் போய்விடும். பட்டியல் சாதிகள் பற்றிய 1950 ஆணையின் மூன்றாவது பத்தி. முதலில் இந்துவுக்கு மட்டும், 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள், நாங்கள் இன்னும் வெளியில். 2022-இல் இதை ஆராய ஒரு ஆணையம் போட்டார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு வேலைக்கு மட்டும் இந்து என்று கேட்பது அரசியலமைப்பையே ஏமாற்றுவது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பாட்டி என்ன செய்வார் தெரியுமா. இயேசு படம் போட்ட காலண்டர் சமையலறையில் அரிசி மூட்டைக்கு மேலே இருக்கும். விசாரணைக்கு விஏஓ வருகிறார் என்று தெரிந்தால் அதைத் திருப்பி மாட்டுவார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அவர் போனதும் திருப்பிவிட்டு, ‘மன்னிச்சுக்க சாமி, சோத்துக்குத்தான்’ என்பார்.

கிளிமூக்கு அண்ணன் தேடிப்போகிற இந்தத் தனி ஆன்மீகத்தில் நாங்கள் மூன்று தலைமுறையாக இருக்கிறோம். யாரும் அதை ஆன்மீகம் என்று சொன்னதில்லை. சபைக்குள் போனவர்களும் என்ன சுகப்பட்டார்கள், திருச்சியில் கல்லறைக்கு நடுவில் சாதிச் சுவர் நின்றது பத்திரிகையில் எல்லாம் வந்ததுதானே. உங்களுக்கு அம்மா பக்கத்தில் இடம் இருக்கிறது, விடுவதா வேண்டாமா என்று யோசிக்கிறீர்கள். பாட்டியை ஊர்ச் சுடுகாட்டில்தான் புதைத்தோம். நானே ஒரு வசனம் சொன்னேன், மெதுவாக.

கோபமாக எழுதவில்லை. எழுதியது அப்படி வந்துவிட்டது.

கிளிமூக்கு
அக்டோபர் 8, இரவு 10:15

தம்பி, பதில் எழுத வைத்திருந்ததை எல்லாம் அழித்துவிட்டேன். எங்கள் ஊரிலும் மேல் தெரு, கீழ்த் தெரு உண்டு. நான் எந்தத் தெரு என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் முதலில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், மேல் தெரு. நோட்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் எனக்கு வலித்தது. கீழ்த் தெருவுக்கு எத்தனை தடவை வந்திருக்கும், அப்பாவே எடுத்துக்கொண்டு போயிருப்பாரோ என்னவோ. அவரைக் கேட்கப் பயமாக இருக்கிறது.

டீச்சர்_ஓய்வு
அக்டோபர் 9, காலை 9:00

பாலக்கோட்டுத் தம்பிக்கு. எங்கள் லுத்தரன் ஆள் ஒருவர், ஹெர்பர்ட் ஹோபர், 1980களில் சென்னையில் ஒரு ஆய்வு செய்தார். ஞானஸ்நானம் வாங்காமல் வீட்டிலேயே இயேசுவைக் கும்பிடுகிறவர்கள் ஏராளமாக இருப்பது தெரியவந்தது. அதைப் பற்றி முதலில் கேட்டபோது எனக்கு ஏற்கவில்லை, தைரியம் இல்லாதவர்கள் என்று நினைத்தேன். உங்கள் பாட்டியின் காலண்டரைப் படித்த பிறகு அந்தச் சொல்லை எடுத்துவிடுகிறேன். என் வகுப்பில் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள், பதிவேட்டில் இந்து என்று நானேதான் எழுதியிருக்கிறேன்.

வாய்தா
அக்டோபர் 9, இரவு 8:45

கிருஷ்ணகிரி கோர்ட். ஆளாளுக்கு உருகுகிறீர்கள், நான் கொஞ்சம் காகிதத்தைப் பேசுகிறேன்.

கத்தோலிக்கத்தில் ராஜினாமா கிடையாது. 1983 திருச்சபைச் சட்டத்தில் ‘முறைப்படி விலகியவர்’ என்று திருமண விதிகளில் ஒரு வகை இருந்தது, அதையும் 2009-இல் பதினாறாம் பெனடிக்ட் எடுத்துவிட்டார். ஞானஸ்நானம் அழியாத முத்திரை என்பது அவர்கள் கணக்கு, நீங்கள் கிணற்று மேட்டில் இருந்தாலும் சரி, வடலூரில் இருந்தாலும் சரி. ஜெர்மனியில் கதை வேறு, அங்கே வருமான வரியின் மேல் 8 அல்லது 9 சதவீதம் தேவாலய வரி என்று அரசாங்கமே பிடிக்கும், வேண்டாம் என்றால் அரசு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து விலகலாம். இங்கே விலகுவது என்றால் போகாமல் இருப்பது, அவ்வளவுதான்.

அரசாங்கத்துக்கு எதிரில் மதம் வேண்டாம் என்றால், நமக்குப் பக்கத்திலேயே திருப்பத்தூரில் வழக்கறிஞர் சினேகா 2019-இல் சாதி மதம் அற்றவர் என்று சான்றிதழ் வாங்கினார். ஆனால் உங்களுக்கு அது தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. நாளைக்குப் பாப்பா கல்யாணத்தைக் கோயில் இல்லாமல் செய்ய நினைத்தால் 1954-ஆம் வருஷ சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, 30 நாள் நோட்டீஸ். பாப்பாவுக்கு இப்போது என்ன வயது, ஒன்பதா? விடுங்கள்.

கல்லறை. சொந்தத் தோப்பில் புதைத்துக்கொள்கிறேன் என்று மனசில் இருந்தால், பட்டா உங்களுடையது என்பதால் மட்டும் முடியாது. புதைகாடு, எரிகாடு பற்றி 1999-இல் வந்த ஊராட்சி விதிகள் இருக்கின்றன, ஒதுக்கிய இடம் தவிர வேறு இடம் என்றால் ஊராட்சி அனுமதி வேண்டும். எரிப்பதைக் கத்தோலிக்கத் திருச்சபை 1963-லேயே அனுமதித்துவிட்டது, 2016-இல் மட்டும் சாம்பலைத் தூவக் கூடாது, வீட்டில் வைக்கக் கூடாது என்றார்கள். உங்கள் ஊர்க் கல்லறை கோயில் இடம், அங்கே அனுமதி பங்குக்காரர்கள் கையில். சந்தா சரியாக இருந்தால் நடைமுறையில் யாரும் தடுக்க மாட்டார்கள், நீங்கள் பூசைக்கு வந்தீர்களா என்று யார் பார்க்கப்போகிறார்கள். ஆக, மாசம் நூறு ரூபாயைக் கட்டிவிட்டுத் தூங்குங்கள். பீஸ் வேண்டாம்.

கிளிமூக்கு
அக்டோபர் 9, இரவு 11:10

வக்கீல் சார், பிரச்சினையே அதுதானே. கட்டினால் நான் அன்றைக்கு அந்த நோட்டுக்குச் சரி என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். கட்ட மாட்டேன்.

போன வாரம் ராயக்கோட்டை பக்கம் போர்வெல் மோட்டார் வேலை. பக்கத்தில் மல்லசந்திரம் குன்று, நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். பாறைமேல் பெரிய பெரிய பலகைக் கல்லை நிறுத்தி மேலே ஒரு கல் மூடி, சின்ன வீடு மாதிரி. பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள். ஆடு மேய்க்கிற பெரியவர் பாண்டவர் வீடு என்றார். ஒரு கல்லில் வட்டமாக ஒரு துளை, உள்ளே கையை விட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது, ஆட்டுப் புழுக்கை. இவர்கள் என்ன சாமி கும்பிட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த மேல் கல்லைத் தூக்க இருபது முப்பது ஆளாவது வேண்டும், வயரிங்காரன் கண்ணுக்கு எடை தெரியும். தனி ஒருவன் செத்துப் படுப்பதற்கு இத்தனை பேர். டீச்சரம்மா, உங்கள் இருமல் கதை அங்கே ஞாபகம் வந்தது. என் கிணற்று மேட்டில் நான் இருமினால் நாய்தான் வரும். ஒத்துக்கொள்கிறேன்.

ஷிப்ட்_பி
அக்டோபர் 10, அதிகாலை 3:20

பிரேக்கில் இருக்கிறேன். அண்ணா, நான் ஒன்று செய்தேன். பாட்டு இல்லையே என்று அன்றைக்கு எழுதினேன் அல்லவா, இன்று மாடியில் வாய்க்குள்ளேயே பாடினேன், யாரும் இல்லை என்று நினைத்து. பின்னாலிருந்து செக்யூரிட்டி தாத்தா கை தட்டினார். அவர் முனியப்பன் கும்பிடுகிறவர். ‘நல்லா இருக்கு தம்பி, நாளைக்கும் பாடு’ என்றார். அவ்வளவுதான், சொல்லணும் போல இருந்தது.

கருஞ்சட்டை
அக்டோபர் 10, காலை 6:30

மாடியில் சபை ஆரம்பித்துவிட்டீர்கள். அடுத்த மாசம் கவர் வரும், ஜாக்கிரதை.

கிளிமூக்கு
நவம்பர் 3, இரவு 9:30

இழை அடியில் போய்விட்டது, இருந்தாலும் நீங்கள் எல்லாம் இத்தனை எழுதினீர்கள், நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நேற்று கல்லறைத் திருநாள். மாலையில் சாமியார் வந்து கல்லறை மந்திரிப்பார், அதாவது ஆசீர்வதிப்பார், ஊரே நிற்கும், அதனால் நான் காலையிலேயே போய்விடுவேன், ஆறு வருஷமாக அப்படித்தான். மண்வெட்டி, ஒரு வாளி சுண்ணாம்பு, கொஞ்சம் செண்டுமல்லி. அம்மா கல்லறையில் புல்லைச் செதுக்கிவிட்டுச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். கோயில்பிள்ளை வந்தார், கோயில் வேலை பார்க்கிற பழைய ஆள், எனக்குச் சின்ன வயசில் மணிக்கயிற்றைத் தொட விட்டவர். கொஞ்ச நேரம் நின்றார். ‘உங்க பக்கத்து இடத்துக்கும் ஒரு கோட் அடிச்சுடு, மழை வந்து கல்லு தெரியாம போயிடும்’ என்றார். அது யாருக்கு இடமோ என்றேன். ‘ஏம்பா, நீதான் ஒரு மாசம் பாக்கி இல்லாம கட்டிக்கிட்டு வரியே’ என்றார்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். அவள் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசாமல் கேழ்வரகு மாவு டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டு எடுத்து வைத்தாள். ரப்பர் பேண்ட் போட்ட ரசீது. 2019 மார்ச்சிலிருந்து. பால் காசு. எல்லாவற்றிலும் என் பெயர். 50 ரூபாய், 50 ரூபாய், அப்புறம் 100 ஆகிவிட்டது. நான் கத்தினேன், அதை மறைக்க மாட்டேன். யாரைக் கேட்டுக் கட்டினாய், எனக்கு என்ன மரியாதை என்று. அவள் கத்தவில்லை.

‘நீங்க பூசைக்கு வாங்கன்னு நான் ஒரு நாளாவது கூப்பிட்டேனா? கெணத்து மேட்டுக்குப் போறீங்க, போங்க, அங்கயும் சாமி இருக்கும். பஸ்ஸுல துண்டு போடறது இல்லையா, அப்படி ஒரு துண்டு போட்டு வெச்சேன். வந்தா உக்காருங்க, வரலன்னா வேற யாராவது உக்காரட்டும்.’

அப்பா திண்ணையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு நோட்டைப் பார்த்த அதே திண்ணை. ரொம்ப நேரம் கழித்து, ‘கீழ்த் தெருவுக்கு நான் நோட்டு எடுத்துட்டுப் போயிருக்கேன்டா’ என்றார். நான் கேட்கவே இல்லை, பயந்துகொண்டு இருந்தேன் என்று எழுதியிருந்தேனே. ‘மூணு தடவை. மூணும் ஞாபகம் இருக்கு.’ யார் யார் வீடு என்றும் சொன்னார். ஒரு வீட்டில் பிணம் மாலை வரைக்கும் கிடந்ததாம்.

அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ரசீதுக் கட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். சாயங்காலம் மந்திரிப்புக்குப் போகவில்லை. அப்பாவை மட்டும் வண்டியில் கொண்டுபோய் இறக்கினேன். அவர் நேராக அம்மாவிடம் போகவில்லை, கல்லறையின் அந்தக் கோடிக்கு நடந்தார், கையில் மூன்று மெழுகுவர்த்தி தனியாக எடுத்து வந்திருந்தார். நான் கேட்டுக்கு வெளியிலேயே வண்டியில் உட்கார்ந்திருந்தேன்.

கடைசி_பெஞ்ச்
நவம்பர் 3, இரவு 10:05

படித்தேன் அண்ணா.

வாய்தா
நவம்பர் 3, இரவு 10:20

சட்டப்படி பார்த்தால் நீங்கள் ஒரு நாள்கூட விலகியிருக்கவில்லை. அண்ணியிடம் நான் ஜூனியராகச் சேர வேண்டும்.

தகடூரான்
நவம்பர் 3, இரவு 10:41

ரசீது நோட்டைப் பற்றி நான் ஒன்று சொன்னேன், அதை அன்றைக்கே அந்த அம்மா செய்துகொண்டிருந்திருக்கிறார்.

கருஞ்சட்டை
நவம்பர் 4, காலை 6:10

துண்டு போட்டு வைப்பதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்த மூன்று மெழுகுவர்த்திக்கு நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

டீச்சர்_ஓய்வு
நவம்பர் 4, காலை 9:15

பாப்பாவுக்குத் துணி எடுத்தாச்சா தம்பி?

கிளிமூக்கு
நவம்பர் 4, இரவு 8:50

எடுத்தாச்சு டீச்சரம்மா. எல்லாப் பிள்ளைகளும் வெள்ளை கவுன், இவளுக்கு மட்டும் வெள்ளையில் பாவாடை சட்டைதான் வேண்டுமாம், காவேரிப்பட்டணத்தில் அளவு கொடுத்திருக்கிறோம். படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ‘தந்தை ஞாயிறு பூசைக்கு ஒழுங்காக வருகிறவரா’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். காலையில் பார்த்தால் பாப்பா பென்சிலில் ‘அம்மா வருவாங்க’ என்று நிரப்பி வைத்திருக்கிறாள்.